மூன்றாம் முறையும் வந்த கண்கட்டி

"கண்கட்டிதானே, சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க, போயிடும்." மாத்தளைப் பக்கம் உம்மாமார் வழமையாகச் சொல்வது இது. பெரும்பாலும் அது சரியும்தான். இமையிலுள்ள எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டால் வலியில்லாத சிறு கட்டி வரும். கிரேக்கர் அதை ஆலங்கட்டி என்றனர். அரபியிலும் ஆலங்கட்டியைக் குறிக்கும் 'பரத்' என்ற சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. ஒத்தடத்துக்குக் கரையாவிட்டால் டொக்டர் கீறி எடுப்பார்.

எடுத்த இடத்திலேயே அது திரும்ப வந்தால்தான் யோசிக்க வேண்டும். அந்தச் சுரப்பியிலேயே அபூர்வமாகப் புற்றுநோய் வரும். மேலைநாடுகளில் இமைப் புற்றுநோய்களுள் இதன் பங்கு மிகச் சிறிது. ஆசிய மக்களிடம் அதைவிட அதிகம். மேல் இமையில் சுரப்பிகள் கூடுதல் என்பதால் அங்கேதான் அதிகம் காணப்படும். பெரும்பாலும் வயது போனவர்களுக்கே வரும். கட்டியுள்ள இடத்தில் இமைமயிர் உதிரும், விளிம்பு தடித்து மஞ்சள் பாயும். சிலருக்குக் கட்டியே இராது. ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்திருக்கும், எந்தத் துளி மருந்துக்கும் கேட்காது. வுழூச் செய்யும்போது இமையில் கைக்குத் தட்டுப்படுவதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

கண்ணால் பார்த்து மட்டும் இதை உறுதிசெய்ய முடியாது. துண்டு எடுத்து நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டிய துண்டு ஏமாற்றிவிடும். ஆழமாக எடுக்க வேண்டும். நோய் விழிவெண்படலத்தில் விட்டு விட்டுப் பரவுவதால் பல இடங்களிலிருந்து சிறு துண்டுகள் எடுப்பார்கள். துண்டை மெழுகில் பதிக்கும் வழமையான முறையில் உயிரணுக்களிலுள்ள கொழுப்பு கரைந்துவிடும். ஆகவே டொக்டர் தன் சந்தேகத்தை முன்கூட்டியே எழுதி அனுப்புவது முக்கியம்.

தம்புள்ளை, கலேவெலை வயல்களில் வெயிலில் நிற்பவர்களுக்குக் கண்ணில் 'சதை' வளர்வது புதிதல்ல. அதே வெயில் விழிப்பரப்பில் புற்றுநோயையும் உண்டாக்கலாம், அதுவும் சதை போலவே தெரியும். ஜெலி போன்ற பளபளப்பு, வெள்ளைத் திட்டு, வேகமான வளர்ச்சி இருந்தால் சந்தேகிக்க வேண்டும். சதையென்று வெட்டியதையும் பரிசோதனைக்கு அனுப்புவதே நல்லது.

மாத்தளையிலிருந்து கண்டி பெரியாஸ்பத்திரிக்கு 25 கிலோமீற்றர் அளவுதான். தேவைப்பட்டால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கும், மஹரகம அபேக்ஷாவுக்கும் அனுப்புவார்கள். தூரத்தை விடப் பெரிய தடை நம்மட பழக்கம்தான்: கட்டு அவிழ்ந்ததும் றிப்போர்ட் எடுக்கப் போவதில்லை. "எடுத்த துண்டை டெஸ்டுக்கு அனுப்பினீங்களா, டொக்டர்? றிப்போர்ட்டுக்கு எப்ப வரணும்?" என்று கேட்க வெட்கப்படத் தேவையில்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பழைய காட்டையும் கொண்டு போங்க. முதல் கட்டி எந்த இமையில், எப்போது எடுத்தது என்பது அதில்தான் இருக்கும்.