லிட்டருக்குப் பத்து... மிச்சம் எங்கே போச்சு?

ஆபீஸ் கேன்டீனில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்கூட மனுஷன் உண்மையைச் சொல்லிவிடுவான். 'கார் எவ்வளவு குடுக்குது?' என்று கேட்டுப் பாருங்கள்... டீ டம்ளரைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிட்டில பதினெட்டு, ஹைவேஸ்ல இருபத்திரெண்டு" என்பான். எல்லாருக்கும் அதே பதினெட்டு, அதே இருபத்திரண்டு! நானும் நாலு வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்த்துச் சொன்னதில்லை.

2025 ஜூன் மாதம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்தது. அதை மேலிருந்து கீழே படித்த என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, நாம கார் லோனை முடிச்சாச்சா, இல்ல அது பங்க் பேர்ல ஓடிட்டிருக்கா?"

எனக்கு மேடவாக்கத்தில் வீடு, கிண்டியில் ஆபீஸ். போக பதிமூணு, வர பதிமூணு, ஆக 26 கிலோமீட்டர். கார் 2016 மாடல், சின்ன பெட்ரோல் வண்டி, 2021ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி புத்தகத்தில் லிட்டருக்கு 22 என்று போட்டிருந்தார்கள். லிட்டர் நூறு ரூபாய் சொச்சம் விற்கிற ஊரில், 22 தரவேண்டிய வண்டி எவ்வளவு தருகிறது என்று தெரியாமலா ஒரு பி.காம். பட்டதாரி காலம் தள்ளுவது? மானப் பிரச்னை ஸார்!

உடனே கணக்குப் போட்டேன். ரிசர்வ் லைட் எரிந்ததும் ஆயிரம் ரூபாய்க்கு பெட்ரோல். மறுபடி லைட் எரியும்வரை எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தேன். வகுத்ததில் 8.6 வந்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

இப்போது யோசித்தால் அந்தக் கணக்கே அபத்தம். டாங்க்குக்குள் மிதக்கும் ஒரு மிதவை சொல்வதைத்தான் முள்ளும் லைட்டும் காட்டுகின்றன. வண்டி ஏற்றத்தில் நின்றால் ஒன்று சொல்லும், இறக்கத்தில் நின்றால் வேறு சொல்லும். அதை நம்பி வகுத்தல் போடுவது, கல்லாப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்து பேலன்ஸ் ஷீட் எழுதுகிற மாதிரி. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. எவனோ திருடுகிறான் என்றுதான் தோன்றியது.

முதல் சந்தேகம் பங்க் மேல்.

உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு பங்க்கிலும் எடை அளவுத் துறை முத்திரை குத்திய 5 லிட்டர் கேன் ஒன்று இருக்கவேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்டியாகவேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் புகார் கொடுக்கலாம். நான் போய்க் கேட்டேன். எனக்குப் பின்னால் பதினோரு பைக், மூன்று ஆட்டோ. எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன்! பங்க் ஊழியர் மட்டும் முகம் சுளிக்காமல் கேனைக் கொண்டுவந்தார், பிடித்தார், "குனிஞ்சு பாத்துக்குங்க சார்" என்றார். குனிந்தேன். கோட்டில் நின்றது பெட்ரோல். நான்தான் நிற்க முடியாமல் கிளம்பி வந்தேன்.

இரண்டாவது சந்தேகம்... இதை எழுதத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

என் மச்சினன் தாம்பரத்தில் வேலை பார்க்கிறான். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமியாரை கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எங்கள் காரைத்தான் எடுப்பான். நல்ல பையன். ஒரு தடவை வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, "அத்தான், பின்னாடி லெஃப்ட் சைடுல ஏதோ கருகுற வாசனை வருது. வீல் வேற சுடுது, பாத்துக்குங்க" என்றான்.

"வெயில்ல ஓட்டினா எல்லா வீலும்தான்டா சுடும்" என்று சொல்லிவிட்டு நான் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டேன்.

அடுத்த முறை அவன் கையில் ஆயிரம் ரூபாய் கொடுத்து, பெட்ரோல் போடச் சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை பார்த்தால் முள் நான் நினைத்த இடத்தில் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு, மாமியார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டேன்:

"போன தடவை பெட்ரோல் போட்டியே, அதுக்கு பில் இருக்கா?"

இட்லி பாதியில் நின்றது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பர்ஸை எடுத்தான். இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை டேபிளில் வைத்தான். அதன்மேல் கார் சாவியை வைத்தான். "அம்மாவை ஆட்டோல கூட்டிட்டுப் போறேன் அத்தான்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்தாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில்தான் நான் உருப்படியாகக் கணக்கு எழுதினேன்.

ஓப்பனிங் ஸ்டாக், ப்ளஸ் பர்ச்சேஸ், மைனஸ் க்ளோசிங் ஸ்டாக் - செலவான சரக்கு எவ்வளவு என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்த சூத்திரம். டாங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் 'ஃபுல்' என்பது ஒரே அளவுதானே? ஃபுல்லில் ஆரம்பித்து ஃபுல்லில் முடித்தால் ஓப்பனிங்கும் க்ளோசிங்கும் அடிபட்டுப் போகும். பர்ச்சேஸ் மட்டும்தான் செலவு! எனவே நாஸில் தானாக 'டக்'கென்று நிற்கும்வரை போடச் சொன்னேன். 'ரவுண்டா போட்டுடவா சார்?' என்றால் வேண்டாம். ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்தேன். டாங்க் காலியாகும் சமயத்தில் அதே பங்க்கில், அதே பம்ப்பில், மறுபடி அதே 'டக்'. தானாக நிற்பதில் அரை லிட்டர் முன்னே பின்னே ஆகலாம். அதனால் ஒரு டாங்க்கை நம்பாமல் மூன்று டாங்க் எழுதினேன்.

312 கிலோமீட்டருக்கு 28.9 லிட்டர். 298க்கு 27.4. 305க்கு 28.5. மொத்தம் 915 கிலோமீட்டர், 84.8 லிட்டர். லிட்டருக்கு 10.8!

இந்த மூன்று டாங்க்கிலும் மச்சினன் வண்டியைத் தொடவே இல்லை. அதாவது பங்க்கும் திருடவில்லை, பையனும் திருடவில்லை. வண்டிதான் குடித்திருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த நோட்டைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். "என்ன, டாலி ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு லைட்டை அணைத்தாள்.

சரி, 22 எங்கே, 10.8 எங்கே? நடுவில் காணாமல்போன பதினொன்றைத் தேடினேன்.

முதலில் அந்த 22ஐயே விசாரித்தேன். அது ரோட்டில் ஓட்டி எடுத்த கணக்கே இல்லை. பரிசோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஒரு அட்டவணைப்படி இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டுவார்கள். உச்ச வேகம் 90, சராசரி வேகம் முப்பது சொச்சம். ஏ.சி. கிடையாது. பள்ளிக்கரணை சிக்னல் கிடையாது. குறுக்கே வரும் மாடு கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண் அது. நமக்குக் கொடுத்த சத்தியம் இல்லை.

அடுத்தது டிராஃபிக். ஒருநாள் காலையில் மனைவியை உடன் அழைத்துப்போய், கையில் செல்போனைக் கொடுத்து, வண்டி நிற்கும்போதெல்லாம் ஸ்டாப் வாட்சைத் தட்டச் சொன்னேன். ஆபீஸ் போய்ச் சேர 58 நிமிஷம். அதில் சும்மா நின்றது 23 நிமிஷம்! சின்ன பெட்ரோல் இன்ஜின் ஏ.சி. போட்டு நின்றபடியே ஓடினால் ஒரு மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரியும். சாயங்காலமும் இதே கதைதான். ஆக, ஒரு நாளைக்கு நான் எரிக்கும் 2.4 லிட்டரில் ஏறக்குறைய 0.6 லிட்டர், கால் பங்கு, ஒரு அடிகூட நகராமலே போகிறது. அந்தக் கால் பங்குக்கு மைலேஜ் என்ன தெரியுமா? பூஜ்யம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றி நீங்கள் கேட்பீர்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. என் வண்டி மாதிரி பழைய கார்களில் 20 சதவிகிதம் கலந்ததைப் போட்டால் 6, 7 சதவிகிதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் பாதியாகக் குறைய அது காரணமாகாது. எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடும் நண்பர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

இடையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்தார், ஒரு 'த்சு' கொட்டினார். "ஏர் ஃபில்டர், ப்ளக், இன்ஜெக்டர் க்ளீனிங்... ஒரு ஆறாயிரத்துல முடிச்சுடலாம் சார், சும்மா பறக்கும்." ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போகும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. அப்போது காற்று குறைந்தால் பெட்ரோல் குறையாது. இப்போதைய இன்ஜின்களில் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று சென்சார் அளந்து, அதற்குத் தகுந்த பெட்ரோலைத்தான் விடுகிறது. ஃபில்டர் அடைத்தால் பிக்கப்தான் போகும், மைலேஜ் பெரிதாக மாறாது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009லேயே சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டது. அழுக்கு ஃபில்டரை மாற்றவேண்டியதுதான், இன்ஜினுக்கு நல்லது. மைலேஜ் ஏறும் என்ற ஆசையில் மாற்றாதீர்கள்.

கடைசியில் குட்டை உடைத்தது ஒரு பஞ்சர் கடைப் பையன்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 33 பவுண்டு காற்று என்று போட்டிருந்தது. அதை முதன்முறையாக அன்றுதான் படித்தேன். ஆபீஸிலிருந்து வரும் வழியில் நிறுத்தி செக் பண்ணச் சொன்னால் 24, 23, 25 என்று வருகிறது. ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 0.2 சதவிகிதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறைக் கணக்கு. பத்து பவுண்டுக்கு இரண்டு சதவிகிதம். அல்பம்தான், ஆனால் டயரும் சீக்கிரம் தேயும். பையன் நாலாவது வீலுக்கு, பின்பக்க இடது வீலுக்கு, குனிந்தான். 'ஸ்ஸ்' என்று கையை உதறினான்.

"என்னா சார் இது, வீலா இட்லிப் பானையா?"

எனக்கு மச்சினன் சொன்னது சுரீர் என்று காதில் விழுந்தது.

மற்ற மூன்று வீலும் சாதாரணச் சூடு. இது மட்டும் கையை வைக்க முடியவில்லை. காலி ரோட்டில், சமதளத்தில், நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பார்த்தோம். நகர வேண்டிய வண்டி தேர் மாதிரி நிற்கிறது! ஹேண்ட் பிரேக் லீவர் கீழேதான் இருந்தது, ஆனால் பிரேக் முழுசாக விடவில்லை. பையன் கை காட்டிய வேறு மெக்கானிக்கிடம் போனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, டிரம்மைக் கழற்றி, "மழைத் தண்ணில நின்ன வண்டியா?" என்றார்.

ஆமாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் பாதி வீல் அளவுக்குத் தண்ணீர். ஹேண்ட் பிரேக் போட்டபடியே மூன்று நாள் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று அன்றைக்கு சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். கேபிளுக்குள் போனதை யார் பார்த்தார்கள்? உள்ளே துரு ஏறி, இழுத்தால் வருகிறது, விட்டால் திரும்புவதில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது, பாவம்! கேபிள், டிரம் சுத்தம், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய்.

அடுத்த டாங்க்கில் 341 கிலோமீட்டருக்கு 26.6 லிட்டர். 12.8! பிறகு காலையில் எட்டே முக்காலுக்குப் பதில் எட்டு மணிக்குக் கிளம்ப ஆரம்பித்தேன். 13.7 வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. எனக்கும் ஆசை இல்லை. மாதம் 650 கிலோமீட்டர் ஆபீஸ் ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட 13 லிட்டர் மிச்சம். கேன்டீனில் இப்போது கேட்டால் "பதிமூணு புள்ளி ஏழு" என்கிறேன். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

மச்சினனுக்கு போன் செய்தேன். "நீ அன்னிக்கே சொன்னடா, அந்த வீல்தான்" என்றேன். "அப்படியா அத்தான்" என்றான். பில் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மன்னிச்சுக்கடா" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். "விடுங்க அத்தான்" என்றான். அந்த ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டான்.

தீபாவளிக்கு வந்தான். அம்மாவை அழைத்துப்போக சாவி கேட்டான், கொடுத்தேன். சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்தவன், சாவியை டேபிளில் வைத்தான். அதன் கீழே, நாலாக மடித்த பெட்ரோல் பில். ஐந்நூறு ரூபாய். அவன் கைக்காசு.

என் மனைவி அதை எடுத்து, ஒரு பேச்சும் பேசாமல், என் மைலேஜ் நோட்டுக்குள் செருகி வைத்தாள்.