சளி இருந்தா குழந்தைக்கு தடுப்பூசி போடலாமா?

பாலக்காட்டுக் கணவாய் காற்று வீச ஆரம்பிச்சாலே கோவையில் கைக்குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகும். சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி என்றால், "சளி போகட்டும், அடுத்த புதன் பார்த்துக்கலாம்" என்பார் அம்மிச்சி.

தள்ளிப்போட வேண்டாம். லேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு, குறைந்த காய்ச்சல் எதுவும் தடையில்லை. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் பென்டாவேலன்ட், கக்குவான் இருமலையும் தடுக்கிறது. அந்த நோய் பச்சிளங்குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து.

எப்போ கூடாது? முந்தைய டோஸுக்குப் பின் மூச்சுத்திணறல், முகவீக்கம் எனக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் அதே ஊசி மறுபடி கூடாது. குடல் செருகல் வந்த குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து கிடையாது. கடும் காய்ச்சலில் துவண்டு கிடந்தால், தேறும்வரை மட்டும் தள்ளலாம்.

போன தடவை ஊசிக்குப் பின் வலிப்பு வந்ததா? போடும் முன்பே செவிலியரிடம் சொல்லிடுங்க. போட்டதும் பஸ்ஸுக்கு ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்க; கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.