கதிரடிக்கும்போது கை போனால் நஷ்டஈடு உண்டு

களத்தில் மாடுகள் செய்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் கதிரைத் தள்ளும் கை சற்றுப் பிசகினால் விரல்கள் போய்விடும். அடிபட்ட ஆளுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதோ கொடுத்து, "போதாத காலம்" என்று அனுப்பிவிடுவது பல ஊர்களில் வழக்கம். சட்டம் தரும் உரிமை அதைவிடப் பெரியது. சொந்த நிலத்தில் முதலாளியாகவும், பிறர் நிலத்தில் கூலியாகவும் இருக்கும் சிறு விவசாயி இதை இருபக்கமும் தெரிந்துகொள்வது நல்லது.

யாருக்கு உண்டு?

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் உள்ளது. டிராக்டர், பவர் டில்லர், மின்சாரத்தில் ஓடும் பண்ணைக் கருவிகள், இயந்திர அறுவடை, கதிரடிப்பு, பூச்சிமருந்து தெளிப்பு, ஆழ்குழாய்க் கிணற்று வேலை ஆகியவற்றில் கூலிக்கு வேலை செய்வோருக்கு நஷ்டஈடு உண்டு. தினக்கூலி என்பதற்காக விலக்கும் வழக்கம் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது.

எவ்வளவு கிடைக்கும்?

நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி, ஊனத்தின் அளவுக்கேற்பக் கணக்கிடுவார்கள். கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம். நாற்பது வயதுக்குரிய எண் 184.17. மாதம் 10,000 ரூபாய் சம்பளம் பெறும் நாற்பது வயதுக்காரர் கட்டைவிரலை இழந்தால் 3,31,506 ரூபாய் வரும். மருத்துவச் செலவு தனி.

உடனே செய்ய வேண்டியவை

மருத்துவரிடம் எந்த இடத்தில், யாருடைய வேலையில், எந்த இயந்திரத்தில் அடிபட்டது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். "கீழே விழுந்தேன்" என்று பதிவாகிவிட்டால் பின்னால் வழக்கு நிற்பது கடினம். மருந்துச் சீட்டு, ரசீது எதையும் எறியக்கூடாது. நாள், நேரம், இடம் குறித்து முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். உடன் வேலை செய்தவர்களே சாட்சிகள்.

முதலாளி கொடுக்க மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகி, விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதி வாங்கும் பத்திரம் இந்த உரிமையைப் பறிக்காது. ஆள் இறந்துபோனால் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுப்பது போதாது. உரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும்.

குடிபோதையில் நேர்ந்த காயத்துக்கும், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியதால் வந்த காயத்துக்கும் நஷ்டஈடு மறுக்கப்படலாம். ஆனால் மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இந்தக் காரணங்களைச் சொல்லி மறுக்க முடியாது.

வேலை கொடுப்பவருக்கு

நஷ்டஈட்டுத் தொகை ஒரு சிறு விவசாயியின் நிலத்தையே விழுங்கிவிடக் கூடியது. ஆகவே டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஓட்டுநருக்கும் வேலையாட்களுக்கும் பாதுகாப்பு உண்டா என்று கேட்டுப் பிரீமியம் கட்டுவது அவசியம். வாடகை இயந்திரத்தின் சொந்தக்காரரிடமும் இதைக் கேட்கலாம். பெல்ட்டுக்கு மூடி இல்லாத இயந்திரத்தைக் களத்தில் இறக்கவே கூடாது. வாடகை குறைகிறது என்று பார்த்தால், நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நிற்காது.