தோல் சீழ்க்கட்டி

தோல் சீழ்க்கட்டி என்பது பாக்டீரியாத் தொற்றின் காரணமாகத் தோலின் அடியில் சீழ் தேங்குவதால் உண்டாகும் வலியுள்ள வீக்கம் ஆகும். பேச்சு வழக்கில் இது கட்டி என்றே குறிப்பிடப்படுகிறது. கோடையில் வருவது வேனல்கட்டி எனப்படும். புற்றுநோய்க் கட்டியும் இதுவும் வெவ்வேறானவை. சீழை முறைப்படி வெளியேற்றினால் பெரும்பாலான சீழ்க்கட்டிகள் ஆறிவிடும்.

உருவாகும் விதம்

சிறு வெட்டு, கீறல் அல்லது மயிர்க்கால் வழியே பாக்டீரியா தோலுக்குள் நுழையும்போது, அதை எதிர்க்க இரத்த வெள்ளையணுக்கள் அவ்விடத்தில் திரள்கின்றன. இறந்த வெள்ளையணுக்களும் அழிந்த திசுவும் பாக்டீரியாவும் கலந்ததே சீழ் ஆகும். தொற்று பரவாதிருக்க உடல் அதனைச் சுற்றி ஒரு சுவரை எழுப்புகிறது. இச்சுவர் காப்பாக அமைந்தாலும், உள்ளே இரத்த ஓட்டம் இல்லாததால் உட்கொள்ளும் மருந்தும் சீழைப் போதிய அளவில் சென்றடைவதில்லை.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், 1880ஆம் ஆண்டில் சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் உருண்டையான நுண்ணுயிர்கள் கொத்துக் கொத்தாக இருப்பதைக் கண்டார். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1882இல் அவற்றுக்கு ஸ்டாஃபைலோகாக்கஸ் எனப் பெயரிட்டார். இவ்வகையைச் சேர்ந்த ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஏறத்தாழ மூவரில் ஒருவரது மூக்கினுள் தீங்கின்றி வாழ்கிறது. மூக்கைத் தொட்ட விரலால் புண்ணைத் தொடுவதே அது தோலுக்குள் புகப் போதுமானது.

மாம்பழமும் பலாப்பழமும் மிகுதியாக உண்டால் உடற்சூடு கூடிக் கட்டி வரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கோடையில் வியர்வை, வியர்க்குரு, சொறிதல், ஆடை உராய்தல் ஆகியவற்றால் தோல் சேதமடைகிறது. அப்பழங்களின் பருவமும் அதுவே என்பதால் பழி பழத்தின் மேல் விழுகிறது.

கன்னியாகுமரி மாவட்டச் சூழல்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் உண்டு. நாஞ்சில் நாட்டின் நெல்வயல், மேற்கிலுள்ள ரப்பர்த் தோட்டம், கடற்கரையின் மீன்பிடித் தொழில் என எங்கும் கைகால்களில் சிறு காயங்கள் அன்றாட நிகழ்வாகும். மீன்முள் குத்திய காயத்தை நன்கு கழுவாமல் விடுவது ஆபத்தானது. முள்ளின் துண்டு உள்ளே தங்கினால் கட்டி மீண்டும் மீண்டும் வரும்.

சேற்றில் வெறுங்காலுடன் உழைக்கும் நீரிழிவு நோயாளிகள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஈரமண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவால் மெலியோய்டோசிஸ் என்னும் நோய் உண்டாகிறது. தமிழ்நாட்டிலும் கண்டறியப்பட்டுள்ள இந்நோய், தோலில் மட்டுமன்றிக் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகியவற்றிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கி உயிரைப் பறிக்கக்கூடும்.

நெய்யூரில் 1838இல் இலண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, ஈதர் மயக்க மருந்து (1846) வந்திருக்கவில்லை. கருவிகளையும் காயத்தையும் நுண்ணுயிரற்றதாக்கும் லிஸ்டரின் முறையும் (1867) வந்திருக்கவில்லை. கட்டியைக் கீறுவது அன்று பெரும் வேதனையும் ஆபத்தும் நிறைந்தது. எனவே கத்திக்கு அஞ்சும் பழக்கம் முற்றிலும் காரணமற்றதன்று. அந்நிலை மாறிய பின்னும் அச்சம் மட்டும் நீடிக்கிறது.

மருத்துவம்

தொடக்கத்தில், சீழ் கோக்கும் முன், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றடம் கொடுக்கலாம். கட்டி பழுத்து, அழுத்தும்போது தளும்பினால், மருத்துவர் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து கீறிச் சீழை வெளியேற்றுவார். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கீறிய பின் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து பெற்றவர்களில் 80.5 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 73.6 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். மருந்தின் பயன் உண்மையே, எனினும் பெரும்பங்கு கீறலுக்கே உரியது. கடையில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் உண்டு நிறுத்துவோரிடம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் தங்கிவிடும் வாய்ப்பு கூடுகிறது. பல மருந்துகளுக்கு அடங்காத மெதிசிலின் எதிர்ப்புக் கிருமி 1961இலேயே இங்கிலாந்தில் அறியப்பட்டது.

எருக்கம்பால் தடவுவது தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். சாணம் பூசுவதால் ஏற்புவலி எனப்படும் டெட்டனஸ் வரலாம்.

தடுப்பு

சோப்பிட்டுக் கைகழுவுதல், காயத்தை உடனே நீரால் கழுவி மூடுதல், துண்டையும் சவரக் கத்தியையும் பகிராதிருத்தல், நகங்களை ஒட்ட வெட்டுதல் ஆகியவை முதன்மையானவை. வயலில் இறங்கும் நீரிழிவு நோயாளிகள் முழங்கால் வரை மூடும் ரப்பர்க் காலணி அணிவது நல்லது. அடிக்கடி கட்டி வருபவர் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். கட்டியின் வழியாகவே தமக்கு நீரிழிவு இருப்பதை முதன்முதலில் அறிபவர்களும் உண்டு.

மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியை ஒருபோதும் பிதுக்கலாகாது. அப்பகுதியின் சிரைகள் மண்டையோட்டின் உள்ளே செல்லும் சிரைகளுடன் தொடர்புடையவை என்பதால் தொற்று மூளையை நெருங்கக்கூடும். காய்ச்சல், நடுக்கம், கட்டியிலிருந்து பரவும் சிவந்த கோடுகள் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தைக்குக் கட்டி வந்தால் இவ்வறிகுறிகளுக்காகக் காத்திருத்தல் கூடாது.