சாரத்துக்கு முதற்காவல் கைப்பிடி

சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் ஓசூரில் வேரூன்றிய காலந்தொட்டு, ஜூஜுவாடி எல்லையிலிருந்து சூளகிரி வரையில் தொழிற்கூடங்களும் அடுக்குமாடிகளும் ஓயாது எழுந்துகொண்டிருக்க, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் உள்ளூர்க் கொத்தனாரோடும் சித்தாளோடும் கூடிச் சாரத்தின்மேல் நின்றே ஜீவனம் நடத்துகிறார்கள்.

ஒரு மாடி உயரந்தானே என்று அதை அலட்சியம் செய்வது நம் வழக்கம். மூன்று மீட்டரிலிருந்து விழுபவன், கைகால்களைச் சுதாரித்துக்கொள்ள ஒரு விநாடிகூட வாய்க்காமல், மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறான்; குதிகால் ஊன்றி விழுந்தாலோ, குதியெலும்பு நொறுங்குவதோடு அந்த அதிர்ச்சி மேலேறி முதுகெலும்பையும் உடைத்துவிடக்கூடும்.

பாதுகாப்பு பெல்ட் அணிந்தால் போதுமென்பது பலருடைய நம்பிக்கை. உயரத்தில் அது அவசியந்தான்; ஆயினும், காலடிக் கம்பியில் கொக்கியை மாட்டியவன் விழும்போது, ஏறத்தாழ 1.8 மீட்டர் கயிறும், அதிர்ச்சியைத் தாங்க விரியும் மடிப்பும், அவனுடைய உடலின் நீளமும் சேர்ந்து ஐந்து மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டுமாதலால், முதல் மாடியில் கயிறு பிடிக்குமுன் தரை முந்திக்கொள்ளும்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் எஃகுக் கட்டமைப்பு சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நிற்கும் இடமே சரிகையில் அதில் மாட்டிய கொக்கி யாரைத் தாங்கும்?

ஆகவே சாரத்தையே முதலில் பார்க்கவேண்டும். மழையில் இளகும் மண்ணில் கால்கள் புதையாதபடி அடித்தட்டும் பலகையும், நடக்கும் தளத்தில் இடைவெளியற்ற பலகைகளும், இடுப்பளவில் கைப்பிடியும், பாதத்தருகே விளிம்புப் பலகையும், யாவற்றுக்கும் மேலாகக் கட்டடத்தோடு உறுதியான பிணைப்பும் வேண்டும். இந்தப் பிணைப்பில்தான் விபரீதம் நுழைகிறது: பூச்சு வேலை அவ்விடத்தை எட்டியதும், கரணைக்குக் குறுக்கே நிற்கிறதென்று அதைக் கழற்றுகிறார்கள், பூச்சு முடிந்தபின் மறுபடி மாட்டுவோர் அரிது. குறுக்குக் கம்பியைக் கழற்றி, அவசரத்துக்குக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைப்பதும் உண்டு.

சாரம் பொறுப்புள்ளவரின் மேற்பார்வையிலேயே கட்டப்படவேண்டும் என்பது, 2025 வரை நடப்பிலிருந்த 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வகுத்த விதி. ஆனால் அச்சட்டம் பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. ஓசூரின் சந்துகளில் ஒரு மேஸ்திரியும் ஆறேழு பேருமாக வீடு கட்டும் இடங்களில், சாரத்தைச் சோதிக்கக் கடமைப்பட்டவர் எவருமில்லை.