நோட்டம் வேறு, வேவு வேறு

அரியலூர் வட்டாரத்தில் ஓர் ஊரில் கபடிப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டால், அன்றைக்கே டீக்கடையில் பேச்சு தொடங்கிவிடும். பக்கத்து ஊர் அணியில் பாடி வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான், யார் போனஸ் கோட்டுக்கு ஆசைப்பட்டு மாட்டுவார், யாருக்குக் கணுக்காலில் பழைய அடி என்பதெல்லாம் ஒரு டீ குடிப்பதற்குள் தெரிந்துவிடும். போன போட்டியில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் சொல்வது அது. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "நல்லா நோட்டம் விட்டுட்டு வந்திருக்கான்" என்று மெச்சுவார்கள். ஆனால் அந்த அணி பொழுது சாய்ந்த பிறகு தன் ஊர்த் திடலில் பழகும்போது, கருவேல மறைவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவனை யாரும் மெச்சமாட்டார்கள். அது வேவு. இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற தூரம் தமிழ் பேசுகிறவர்களுக்கு விளக்காமலே புரியும்.

அந்தத் தூரத்தை அளக்க இங்கிலாந்தின் கால்பந்து நிர்வாகத்துக்கு 2019-இல் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஜனவரி 10, வியாழக்கிழமை. டெர்பி கவுன்டி அணி தன் பயிற்சி மைதானத்தில் மறுநாள் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே ஓர் ஆள் சந்தேகப்படும்படி நிற்பதாகத் தகவல் போய், போலீஸ் வந்தது. விசாரித்தால், மறுநாள் மோதப்போகிற லீட்ஸ் யுனைடெட்டின் ஆள். கைது எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் லீட்ஸ் 2-0 என்று வென்றது. அதற்குள் லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா டெர்பி பயிற்சியாளர் பிராங்க் லேம்பார்டுக்குத் தானே போன் போட்டு, அந்த ஆளை அனுப்பியது தான்தான் என்று சொல்லிவிட்டார். கிளப்பிடம் அனுமதி கேட்டு அனுப்பவில்லை, பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்று பத்திரிகையாளர்களிடமும் சொன்னார்.

அதோடு விடவில்லை. ஜனவரி 16 அன்று திடீரென்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். பதவி விலகப்போகிறார் என்று நினைத்துத்தான் பலரும் போனார்கள். பியெல்சா கம்ப்யூட்டரைத் திறந்து, திரையில் படம் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடம் நடத்தினார். டெர்பி மட்டுமல்ல, அந்த சீசனில் மோதிய எல்லா அணிகளின் பயிற்சியையும் ஆள் வைத்துப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். டெர்பி முந்தைய சீசனில் ஆடிய 51 ஆட்டங்களையும் தன் குழு பார்த்தது, ஓர் ஆட்டத்துக்கு நான்கு மணி நேர வேலை என்று காட்டினார். இவ்வளவு உழைத்த பிறகு வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறதில் கிடைப்பது சொற்பம் என்றும் அவரே சொன்னார். அப்புறம் ஏன் ஆள் அனுப்பினார்? பார்க்காமல் விட்டால் வேலை குறைந்துவிட்டதாகக் குற்ற உணர்ச்சி வருகிறது, பார்த்தால் பதற்றம் கொஞ்சம் தணிகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அவர் அர்ஜென்டினாக்காரர். அந்த நாட்டில் பிறந்து அப்போது டாட்டன்ஹாம் அணிக்குப் பயிற்சி கொடுத்த மவுரிசியோ போச்செட்டினோ, எங்கள் ஊரில் இது சகஜம் என்றார். லேம்பார்ட் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த ஊரில் எது சகஜமாக இருந்தாலும் இங்கே இது சரியில்லை என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் இங்கிலாந்தின் கை ஒன்றும் சுத்தமில்லை. லேம்பார்ட் ஆடிய அதே செல்சியில், ஜோஸ் மொரின்யோவிடம் வேலை பார்த்த ஆந்த்ரே வில்லாஸ் போவாஸ், எதிரணிகளின் பயிற்சி மைதானங்களுக்கு அடையாளம் தெரியாமல் போய்வந்ததைப் பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார்.

நிர்வாகத்துக்கு வந்த சிக்கல் வேறு. எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட அப்போது கிடையாது. ஒரு கிளப் இன்னொரு கிளப்பிடம் நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்ற பொதுவான விதியைப் பிடித்துத்தான் பிப்ரவரி 18 அன்று லீட்ஸுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள். பிறகு, ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியை அழைப்பில்லாமல் பார்க்கக் கூடாது என்று புது விதி எழுதினார்கள். அபராதத்தைப் பியெல்சா தன் சொந்தப் பணத்திலிருந்து கட்டினார்.

அரியலூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் பழைய கதை ஒன்று நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 23 விடிவதற்கு முன், பெரு வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ஆண்டிலேயே மகபூப்நகரில் நடந்த விபத்துக்குப் பிறகு அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு கொடுத்ததை ஏற்றுக்கொண்டார். பாலத்தைக் கட்டியவர் சாஸ்திரி இல்லை, அன்றிரவு வண்டியை ஓட்டியவரும் இல்லை. அத்தனை உயிர் போன சோகத்தையும் ஒரு பந்தாட்டத் தகராறையும் ஒரே தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் கீழே நடந்ததற்கு மேலே இருப்பவர் முன்னால் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. விளையாட்டில் வேவு பார்த்த கதைகளைப் படிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். வேலிக்கு வெளியே மாட்டிய இளைஞனைத் திட்டுவது சுலபம். அவனை அனுப்பியது யார்?

அரசன் ஒற்றன் வைத்தால் தப்பில்லையே, திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது, 59-ஆம் அதிகாரம். பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்து கடல் தாண்டிப் படை அனுப்பிய ராஜேந்திர சோழனுக்கு ஒற்றர் இல்லாமல் முடிந்திருக்காது. ஆனால் போரில் எதிரி இல்லாமல் போனால் அரசனுக்கு நிம்மதி. கால்பந்தில் எதிரணி வரவில்லை என்றால் ஆட்டமே இல்லை, டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு நடத்துகிற காரியம் இது. ஒற்றாடல் அதிகாரத்தை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவது பொருந்தாது.

பயிற்சியில் மறைக்க அப்படி என்ன இருக்கிறது? 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த ஐஎஸ்எல் கால்பந்து இறுதி ஆட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூருவுக்குக் கோல் போட்டார். சென்னையின் எஃப்சி திருப்பி அடித்தது கார்னர் கிக்கில். மூலையிலிருந்து வந்த பந்தைத் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டினார். இடைவேளைக்குச் சற்று முன் மறுபடியும் கார்னர், மறுபடியும் அதே ஆல்வெஸ், அதே தலை. கடைசியில் 3-2 என்று சென்னை கோப்பையைத் தூக்கியது. கார்னர் கிக் என்பது, ஒருவர் முன் கம்பத்துக்கு ஓடுவது போலப் போக்குக் காட்ட, இன்னொருவர் எதிரணி ஆளின் வழியை அடைத்து நிற்க, மூன்றாமவர் காலியான இடத்தில் எழும்புகிற ஏற்பாடு. நாள் கணக்கில் பழகினால்தான் வரும். ஒரு தடவை மறைந்திருந்து பார்த்துவிட்டால் அந்த உழைப்பு அத்தனையும் போச்சு. எந்தப் பதினோரு பேர் இறங்கப்போகிறார்கள், யார் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓரமாக நடக்கிறார் என்பதும் வேலிக்கு உள்ளேதான் தெரியும். அதைவிட முக்கியமாக, தப்பாகச் செய்து பார்க்க ஆட்டக்காரர்களுக்கு இருக்கிற ஒரே இடம் அது.

சதுரங்கத்தைக் கவனிக்கிற சென்னைக்காரர்களுக்கு இந்த ரகசியம் புதிதல்ல. 2010-இல் சோபியாவில் தோபலோவை வென்று பட்டத்தைக் காத்த விஸ்வநாதன் ஆனந்த், காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் ஆகிய மூவரும் தனக்கு உதவியதை ஆட்டமெல்லாம் முடிந்த பிறகே வெளியே சொன்னார். 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷும் தன் உதவிக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதை வென்ற பிறகுதான் முழுமையாகச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு அஸ்தானாவில் டிங் லிரென் பட்டத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவர் ஒத்திகையாக ஆடிய ஆட்டங்கள் இணையத்தில் திறந்து கிடப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரும் பூட்டை உடைக்கவில்லை. தெருவில் கிடந்த தாளைக் குனிந்து படிப்பது வேவா, நோட்டமா? நோட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வழியில் போட்டவர்தான் எடுத்து வைத்திருக்க வேண்டும். டிங் அப்படியும் பட்டத்தை வென்றார்.

வேவுக்குப் பயந்து நடந்த கூத்து ஒன்றும் உண்டு. 2018 உலகக் கோப்பைக்காக ஆஸ்திரியாவில் முகாமிட்டிருந்த தென் கொரிய அணியின் மூடிய பயிற்சியை, பக்கத்து வீடு ஒன்றிலிருந்து ஸ்வீடன் அணியின் ஆள் தொலைநோக்கி வைத்துப் பார்த்தார். மூடிய பயிற்சி என்று அவருக்குத் தெரியாது என்று சொல்லி ஸ்வீடன் பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்டார். கொரியப் பயிற்சியாளர் ஷின் தே யோங்கும் உஷாராகி, பயிற்சி ஆட்டங்களில் தன் ஆட்டக்காரர்களின் சட்டை எண்களை மாற்றிப் போட்டுவிட்டிருந்தார். ஆசியர்களின் முகத்தை அடையாளம் பிரிக்க மேற்கத்தியர்கள் தடுமாறுவார்கள் என்பது அவர் கணக்கு. ஆட்டத்தில் ஸ்வீடன் ஒரு பெனால்டி கோலில் வென்றது.

தொலைநோக்கிக் காலம் போய் இப்போது ட்ரோன். 2018 டிசம்பரிலேயே ஜெர்மனியின் வெர்டர் பிரேமன் அணி, ஹோஃபன்ஹைம் அணியின் பயிற்சிக்கு மேல் ட்ரோன் விட்டதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அது பேச்சோடு போயிற்று. பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்தது அப்படிப் போகவில்லை.

2024 ஜூலை 22. செயிண்ட் எட்டியென் நகரில் நியூசிலாந்து மகளிர் அணி பயிற்சியில் இருந்தபோது தலைக்கு மேல் ட்ரோன் பறந்தது. அண்ணாந்து பார்த்தவர்கள் போலீஸுக்குச் சொன்னார்கள். ட்ரோனை இயக்கியவர் கனடா மகளிர் அணியின் ஆய்வாளர். கனடா அப்போது ஒலிம்பிக் சாம்பியன், டோக்கியோவில் தங்கம் வென்ற அணி. முதலில் என்ன நடந்தது? ஆய்வாளரும் அவருக்கு மேலே இருந்த துணைப் பயிற்சியாளரும் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மன் முதல் ஆட்டத்தில் மட்டும் தானாக ஒதுங்கிக்கொண்டார். சில நாளில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஃபிஃபா கனடாவுக்கு 2 லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டு, மூவருக்கும் ஓராண்டுத் தடை விதித்தது. அணியின் கணக்கிலிருந்து 6 புள்ளிகளையும் வெட்டியது.

அந்த 6 புள்ளிகள்தான் மனசை உறுத்துகின்றன. ட்ரோன் ஆட்டக்காரர்களின் கையில் இல்லை. ஆனால் தண்டனை அவர்கள் காலில் கட்டிய கல்லாக வந்து விழுந்தது. அடுத்த சுற்றுக்குப் போக மூன்று ஆட்டத்தையும் வென்றே தீர வேண்டும் என்ற நிலை. நியூசிலாந்தை ஏற்கெனவே வென்றிருந்தார்கள். பிரான்ஸோடு ஆடும்போது உபரி நேரமும் முடிகிற கட்டத்தில் வனெசா ஜில்ஸ் கோல் போட்டு 2-1 ஆக்கினார். அப்போதும் கணக்கில் புள்ளி பூஜ்யம்தான். தண்டனையைக் குறைக்கக் கேட்ட மேல்முறையீடு தள்ளுபடியானது. அதே நாள் கொலம்பியாவை 1-0 என்று, மறுபடியும் ஜில்ஸ் அடித்த கோலில், வென்றார்கள். ஒன்பது புள்ளி வாங்கி மூன்று புள்ளியோடு கால் இறுதிக்குப் போன அந்த அணி, ஜெர்மனியிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. அணியைத் தண்டிக்காமல் விட்டால் வேவின் லாபத்தை அணியே வைத்துக்கொள்ளும் என்பது நிர்வாகத்தின் நியாயம். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் அனுப்பியவர்கள் முதல் நாளே முன்னால் வந்து நின்றிருந்தால், அந்தப் பெண்கள் சுமந்தது எவ்வளவோ இலேசாகியிருக்கும்.

வழக்கு ஆவணங்களில் ஒரு மின்னஞ்சல் இருக்கிறது. பாரிஸுக்கு நான்கு மாதம் முன்பு, மார்ச்சில், பிரீஸ்ட்மன் மனிதவள ஆலோசகர் ஒருவருக்கு எழுதியது. ஆய்வாளர் ஒருவர் இனிமேல் வேவு பார்க்கும் வேலையைச் செய்யமாட்டேன் என்று எழுத்தில் சொல்லிவிட்டார். மனச்சாட்சி ஒப்பவில்லை, பெயரும் கெடும் என்பது அவர் காரணம். வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் நிற்கிற வேலை இது, முதல் பத்து அணிகளும் செய்கின்றன, இவருக்கு என்ன பதில் சொல்வது என்று பயிற்சியாளர் ஆலோசனை கேட்கிறார். வேவுக்குப் பதில் வேறு வழி இருந்தால் நீயே சொல் என்று அந்த ஆய்வாளரிடம் கேட்டதாகவும், அவர் எதுவும் கொண்டுவரவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது.