சிதம்பரத்தின் ஓட்டு

கரீபியன் கடலில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த குவாதலூப் தீவில், 1904-இல் ஒரு வாக்காளர் பட்டியலால் பெரும் வழக்கு மூண்டது. அந்தத் தீவிலேயே பிறந்த இந்தியத் தொழிலாளர் பிள்ளைகளின் பெயர்களை ஆன்ரி சிதம்பரம் பட்டியலில் சேர்த்தார். 1863-இல் அங்கே பிறந்தவர் அவர். இவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளின் வாரிசுகள், பிரெஞ்சுக்காரர்கள் அல்ல, ஓட்டு கிடையாது என்றது காலனி அரசு.

அந்தப் பிரஜைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததே பிரெஞ்சுக்காரர்கள்தான். 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பழைய எஜமானின் கரும்புத் தோட்டத்தில் சொற்பக் கூலிக்கு உழைக்க மறுத்தார்கள். வெள்ளைத் தோட்ட முதலாளிகள் கூலியை உயர்த்தவில்லை. வேறு ஆள் தேடினார்கள். 1854 முதல் 1889 வரை 42,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்திறங்கினார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் அதில் ஏராளம். கொடுமை முற்றியதால் 1888-இல் பிரிட்டிஷ் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

தங்கள் பேரத்தை முறிக்க வந்தவர்களாகவே கறுப்பினத் தொழிலாளர் இந்தியர்களைப் பார்த்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது விழ வேண்டிய இடம் தோட்ட முதலாளியின் பங்களா. இரண்டு ஏழைகள் ஒருவரையொருவர் முறைத்து நின்றவரை அவன் நிம்மதியாக இருந்தான்.

சிதம்பரம் தளரவில்லை. 1923-இல்தான் பிரான்ஸ் இறங்கிவந்து அந்த இந்திய வம்சாவளியினரைத் தன் குடிமக்களாக ஏற்றது. பத்தொன்பது ஆண்டுப் போராட்டம். நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றிருக்க வேண்டிய பெயர் அது.

செம்பரம்பாக்கத்தில் நின்றுகொண்டு இதை எழுதக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனிகளிலும் கட்டடங்களிலும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். குறைந்த கூலிக்கு அவர்களைக் கூட்டிவரும் கான்ட்ராக்டரை விட்டுவிட்டு ‘வடக்கன்’ என்று அவர்களை ஏசுகிறோம். 2025-இல் வாக்காளர் பட்டியல் திருத்தப் பேச்சு வந்தபோது, அவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஓட்டா என்று சீறினோம். நம் அரசியல் நம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கும் புரிகிறது. ஆனால் இவர்கள் குடியுரிமைக்கு வழக்காட வேண்டியவர்களே அல்ல, இந்தியர்கள். வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில் பெயர் சேர்க்கலாம் என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். இங்கேயே வாடகை கொடுத்து, பிள்ளையை இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஊர் ஓட்டை விட்டு இங்கே ஓட்டுப் போட விரும்பும் தொழிலாளிக்கு, இருப்பிட மாற்றத்துக்கான படிவம் 8-ஐக் கொடுப்பதுதான் முறை.